நாற்பத்தி மூணு வயசுல ஒரு வயர்மேன் பரீட்சை

எங்க தொழில்ல ஒரு கொடுமை உண்டு: லைட்டு எரியுற வரைக்கும் எலக்ட்ரீசியன்னு ஒருத்தன் ஊர்ல இருக்கானான்னே யாருக்கும் ஞாபகம் வராது, அணைஞ்சா மட்டும் அவன் சோத்துல கை வச்சிருந்தாலும் வந்து கதவைத் தட்டுவாக.

நான் ஈஸ்வரன். சின்னமனூர்ல இருந்து தேவாரம் வரைக்கும் இருபது வருசமா வயர் இழுத்துக்கிட்டிருக்கேன். மாடி வீடு, மாட்டுக் கொட்டகை, கோயில் கொட்டாய், கிணத்து மோட்டார் எதையும் விட்டதில்லை. ஆனா எனக்கு வேலை தெரியும்னு சொல்ல கையில ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. பத்தாப்புல கணக்குல கோட்டை விட்டதோட, பரீட்சை நடக்குற பக்கம் தலை வச்சுப் படுத்ததில்லை. அப்படிப்பட்டவன் நாற்பத்தி மூணு வயசுல வயர்மேன் தகுதித் தேர்வுக்குப் படிச்ச கதைதான் இது. மீசை நரைச்ச பெறகு ஹால் டிக்கெட்டைப் பிடிச்சுக்கிட்டு வேர்த்து வழிஞ்சு நின்ன மக்களே, உங்களுக்குத்தான் சொல்றேன். டிரைவிங் லைசென்சுக்கு எட்டுப் போடப் போயி வண்டியோட கவுந்தவுகளும் வந்து உக்காந்துக்கலாம்.

கையெழுத்து குவைத்துக்குப் போச்சு

புதுசா ஒரு கட்டடத்துக்கு கரண்டு வாங்கணும்னா, ஒயரிங் எல்லாம் சரியா இருக்குன்னு லைசென்ஸ் உள்ள வயர்மேன் ஒருத்தர் ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போடணும். நான் வேலை பார்ப்பேன், உத்தமபாளையத்து சேகர் கையெழுத்துப் போடுவான். எட்டு வருசமா இதுதான் ஏற்பாடு. அவன் கையில பேனாவைப் பார்த்திருக்கேன், கட்டிங் பிளேயரைப் பார்த்ததே இல்லை. ஸ்கூட்டரை விட்டு இறங்காமலே, சீட்டு மேல காகிதத்தை வச்சுப் போட்டுட்டுப் போயிருவான். அந்த சேகர் ஒரு நாள் காலையில ஸ்வீட் டப்பாவோட வந்து, குவைத்துல வேலை கிடைச்சிருச்சுண்ணேன்னான்.

எடுத்த ஸ்வீட்டைத் திருப்பி டப்பாவுலயே வச்சுட்டேன். ஏன்னா அப்பத்தான் நான் வாழ்நாள்லயே பெரிய வேலையில கை வச்சிருந்தேன். வாழைக்காய் மண்டி தங்கவேல் அண்ணன் சின்னமனூர்ல கல்யாண மண்டபம் கட்டிக்கிட்டிருந்தாக. தை மாசம் அவுக மக கல்யாணம்தான் அதுல முதல் கல்யாணம். கூரை கான்கிரீட்டுக்குள்ள பைப்பெல்லாம் நான் புதைச்சு முடிச்சாச்சு. இந்த வேலை நின்னா, அதுக்கப்புறம் இந்தச் சுத்துவட்டாரத்துல எவனும் எனக்குப் பெரிய வேலை கொடுக்க மாட்டான், காலம் முழுக்க ட்யூப்லைட்டு மாட்டிக்கிட்டுத் திரிய வேண்டியதுதான். கையெழுத்துப் போட ஆளில்லைன்னு போயி மென்னு முழுங்கிச் சொன்னேன். அண்ணன் வெத்தலையைத் துப்பிட்டு நிதானமாத்தான் பேசுனாக.

"ஏப்பா ஈஸ்வரா, தைக்குள்ள மண்டபத்துல கரண்டு இருக்கணும். உன் பேர்லயே லைசென்ஸ் வாங்கி நீயே கையெழுத்துப் போடு. முடியலைன்னா சொல்லு, லைசென்ஸ் வச்சிருக்குற தேனிக்காரன் நம்பர் என் போன்லதான் இருக்கு."

ஓரளவு

பரீட்சைக்கு விண்ணப்பிக்க ஒரு சான்றிதழ் வேணுமாம். லைசென்ஸ் உள்ள ஒருத்தர்கிட்ட நான் உதவியாளா வேலை பார்த்தேன்னு அவர் எழுதித் தரணும். எனக்குத் தெரிஞ்ச லைசென்ஸ்காரன் சேகர் ஒருத்தன்தான். விமானம் ஏறுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி அவனைப் பிடிச்சேன். அவன் வீட்டுல பேன் சுத்தலைன்னா என்னையத்தான் கூப்பிடுவான். அப்படிப்பட்டவன் எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறேன்: மேற்படி ஈஸ்வரன் என்னிடம் எட்டு ஆண்டுகள் உதவியாளராக இருந்து, நான் கற்றுக்கொடுத்ததை ஓரளவு புரிந்துகொண்டு வேலை செய்து வந்தார்.

எனக்கு வந்துச்சே ஒரு கோவம். ஏலே, நீ எனக்கு என்னத்தைலே கத்துக்கொடுத்த, அந்த 'ஓரளவு'ங்கிறதையாவது அடிச்சு விடுலேன்னேன். அவன் பெட்டிக்குத் துணி மடிச்சுக்கிட்டே தலையைக் கூடத் தூக்காம சொன்னான்:

"விடுங்கண்ணே, ரொம்பப் புகழ்ந்து எழுதுனா ஆபீஸ்ல சந்தேகப்படுவாக."

வாயை மறக்கடிச்ச கதை

என் வீட்டுக்காரி செல்வி தையல்காரி. பன்னெண்டாப்பு வரைக்கும் படிச்சவ. பரீட்சைப் புத்தகத்தை அவதான் முதல்ல முழுசாப் படிச்சா. படிச்சிட்டு, சாயந்தரம் சாயந்தரம் தையல் மிஷின் பக்கத்துல ஒரு பலகையைச் சாத்தி வச்சு, என்னைய ஒயரிங் பண்ணச் சொல்லிட்டு, கழுத்துல இஞ்ச் டேப்போட பரிசோதகர் மாதிரி உக்காந்துக்கிருவா.

என் பிரச்சனை என்னன்னா, வயர் மேல இருக்குற பிளாஸ்டிக்கை நான் இருபது வருசமாப் பல்லாலதான் உரிக்கிறேன். தொழில்ல இருக்குற முக்கால்வாசிப் பேரு அப்படித்தான். ஏணி மேல ஒரு கையில ஹோல்டர், ஒரு கையில வயர், மூணாவது கைக்கு எங்க போறது? முன்பல்லுல அதுக்குன்னே வாய்க்கா மாதிரி ஒரு காடி விழுந்து கிடக்கு. புத்தகத்துல, வயரை வாயில வச்சா அங்கனயே மார்க்கு போச்சுன்னு செல்வி படிச்சுக் காட்டினா. சரின்னுதான் நானும் வயர் உரிக்கிற ஸ்ட்ரிப்பரைக் கையில எடுப்பேன். ஆனா கை பாட்டுக்கு வாய்க்குப் போயிரும். "வாயி!"ன்னு அவ கத்துவா. எடுத்துருவேன். அடுத்த நிமிசம் மறுபடி வாய்.

மூணாவது நாள் கடிச்சேன் பாருங்க, நாக்கு, தொண்டை, உச்சி மண்டை வரைக்கும் ஒரே கசப்பு. ஆத்தாடின்னு தூத்தூன்னு துப்புறேன். வயர்க்கட்டு பூரா வேப்பெண்ணெய் தடவி வச்சிருக்கா. பிள்ளைக்குப் பால்குடி மறக்கடிக்கிற வைத்தியம்! வீட்டுல மட்டும்னு நெனைச்சா, வேலைக்குக் கொண்டுபோற பையில இருந்த வயருக்கும் தடவிட்டா. சோறு, டீ, வெத்தலை எல்லாம் எனக்கு வேப்பெண்ணெய் வாசம்தான். எட்டாம் நாள் கை தானா ஸ்ட்ரிப்பருக்குப் போச்சு. பெருமையா அவளைப் பார்த்தேன். அவ ஊசியில நூலைக் கோத்துக்கிட்டே சொன்னா:

"நம்ம சின்னவ மூணே நாள்ல மறந்துட்டா, உங்களுக்குத்தான் எட்டு நாளு ஆகியிருக்கு."

பயந்த கோளாறு

தேவாரத்துல சரோஜாக்கா வீட்டுல அடுப்படி சுவிட்ச் ஒண்ணு கருகிப் போச்சு. அவுக வீட்டுக்காரர் ஏலக்காய் யாவாரி. பத்து வருசமா எனக்குப் பழக்கமான வீடு. முன்னாடியெல்லாம் மெயினை அணைக்காமலே, அக்காகூட ஊர்க்கதை பேசிக்கிட்டே, ஒரு கையால சுவிட்சை மாத்திட்டுப் போயிருக்கேன். இப்பப் பரீட்சைக்குப் பழகணுமே. மெயினை அமத்துங்கக்கான்னேன். கிரைண்டர்ல மாவு பாதியில ஓடுது தம்பின்னாக. ஓடி முடியட்டும்னு முக்காலியைப் போட்டு உக்காந்துட்டேன். அக்கா என்னைய ஒரு மாதிரிப் பார்த்தாக.

மாவு முடிஞ்சு மெயினை அணைச்ச பெறகு, கையுறையை மாட்டினேன். டெஸ்டரை வச்சுப் பார்த்தேன். டெஸ்டரே ரிப்பேரோன்னு இன்னொரு டெஸ்டரை வச்சும் பார்த்தேன். அக்கா சத்தமில்லாமப் போயி வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்துட்டாக. ரெண்டு பேரும் அடுப்படி வாசல்ல நின்னு குசுகுசுன்னு பேசுறாக. வேலை முடிஞ்சு திரும்புனா, அவர் வந்து என் நெத்தியில கை வச்சுப் பார்க்கிறாரு. எங்கயோ பெருசா ஷாக் அடிச்சிருக்கு, இவன் வெளிய சொல்ல மாட்டேங்குறான்னு ரெண்டு பேரும் முடிவே பண்ணிட்டாக. பரீட்சைக்குப் படிக்கிறேன்னு நான் சொல்லச் சொல்ல, அக்கா கண்ணு கலங்கிப் போச்சு.

"பயந்த கோளாறுதான் தம்பி, இதுல வெக்கப்பட என்ன இருக்கு? பள்ளிவாசல்ல மூணு வெள்ளிக்கிழமை பயம் தெளிய ஓத வச்சுட்டு வாங்க, பழையபடி கரண்டோடயே தொட ஆரம்பிச்சிருவீக."

அட்டை நனையக்கூடாது

இது சிரிக்கிற கதையான்னு எனக்கு இன்னிக்கும் தெரியலை. அனுமந்தன்பட்டியில கருப்பையா அண்ணனோட திராட்சைத் தோட்டம். கிணத்துக்குள்ள மோட்டார்கிட்ட கேபிள் ஜாயிண்ட் போயிருச்சு. மோட்டாருக்கு வேண்டிய த்ரீ பேஸ் கரண்டு அப்ப இல்லை, எப்ப வரும்னும் சொல்ல முடியாது. புத்தகத்துல போட்டிருக்கிறபடி எல்லாம் செஞ்சேன். மெயினை அமத்துனேன். பியூஸ் கேரியர் மூணையும் பிடுங்கிச் சட்டைப் பையில போட்டேன். செல்வி பெரிய சிவப்பு எழுத்துல எழுதிக் கொடுத்த அட்டையை, மோட்டார் ரூம் வெளிச்சுவத்துல இருக்குற ஸ்டார்ட்டர்ல தொங்கவிட்டேன்: 'ஆள் வேலை செய்கிறார். போடாதே.' போட்டுட்டுக் கிணத்துப் படியில இறங்கி, ஈரத்துல நின்னுக்கிட்டு, மூணு வயரையும் கையில பிடிச்சிருக்கேன். லேசாத் தூத்தல் விழுகுது.

அப்ப மேல மோட்டார் ரூம்கிட்ட இருந்து அண்ணன் குரல் கேட்குது. "ஏய் ஈஸ்வரா! த்ரீ பேஸ் வந்துருச்சுப்பா! மெயினைப் போட்டு நாலு தடவை பட்டனை அமுக்கிட்டேன், மோட்டார் எடுக்க மாட்டேங்குதே, என்னன்னு பாரு!" அப்படியே படியில உக்காந்துட்டேன். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன், பியூஸ் மூணும் இருக்கு. அதுவரைக்கும் அந்தப் புத்தகத்தை மார்க்குக்காகத்தான் படிச்சேன். ரெண்டு பிள்ளைக மூஞ்சியும் செல்வி மூஞ்சியும் கண்ணு முன்னாடி வந்துட்டுப் போச்சு. மேல ஏறி வந்து, எப்பவும் அண்ணனை எதுத்துப் பேசாதவன், கத்து கத்துன்னு கத்திட்டேன். அட்டையை எங்கண்ணேன்னா, உள்ள மாடத்துல பத்திரமா நிமித்தி வச்சிருக்காக. அவுகளுக்கு என் கோவம் சுத்தமாப் புரியலை.

"தூத்தல்ல உன் அட்டை நனைஞ்சிரப் போகுதேன்னுதான எடுத்து உள்ள வச்சேன், அதுல எழுதியிருக்கிறதை வாசிக்கவா சொன்ன?"

பல்பு எரிஞ்சுச்சு

முதல் தடவை செய்முறைத் தேர்வு, தேனிப் பக்கம் ஒரு தொழிற்பயிற்சிக் கூடத்துல. மாடிப்படி ஒயரிங் போடணும். அதாவது கீழ ஒரு சுவிட்ச், மேல ஒரு சுவிட்ச், நடுவுல ஒரே பல்பு, எந்தச் சுவிட்சுல வேணாலும் போடலாம், அமத்தலாம். அது நான் தூக்கத்துல போடுற ஒயரிங். சுத்தி மீசை அரும்புன பயலுக படத்தைப் பார்த்து முழிச்சுக்கிட்டிருக்கானுக, நான் பாதி நேரத்துல முடிச்சுட்டேன். வயரை வாயில வைக்கலை. பல்பு பளிச்னு எரிஞ்சுச்சு. பரிசோதகர் வந்து ஒயரிங்கை அங்கிட்டு இங்கிட்டு ஆட்டிப் பார்த்தாரு, அசையலை. முகமெல்லாம் மலர்ந்து போச்சு மனுசனுக்கு. "ரொம்ப நல்லாருக்கு. இந்தப் பாயிண்டுல சப்ளை வருதான்னு பார்த்துச் சொல்லுங்க"ன்னாரு.

பையில டெஸ்டர் இருக்கு. மேசையில டெஸ்ட் லேம்ப் இருக்கு. நான் என்ன செஞ்சேன்? இருபது வருசப் பழக்கம், ஆள்காட்டி விரலை மடக்கி, விரலோட பின்பக்கத்தை வயர்ல ஒரு தட்டுத் தட்டினேன். சுள்ளுன்னுச்சு. "இருக்கு சார்"னு சிரிச்சேன். அந்த மனுசன் முகத்துல இருந்த மலர்ச்சி அப்படியே சுருங்கிருச்சு. வேலைக்கு நூத்துக்கு நூறு கொடுக்கலாம், ஆள் உயிரோட இருந்தாத்தான கொடுக்க முடியும்னு சொல்லி, காகிதத்துல என்னமோ எழுதிட்டு, அடுத்த தடவை வாங்கன்னுட்டாரு. பல்லுக்கு வேப்பெண்ணெய் தடவுன செல்வி, விரலை மறந்துட்டா.

சின்னமனூர் வர்ற வரைக்கும் பஸ்ஸுல ஜன்னல் பக்கம் திரும்பியே உக்காந்து வந்தேன். வெக்கமா இருந்துச்சு. அழுகையும் வந்துச்சு, எதுக்கு மறைக்க? நேரா மண்டபத்துக்குப் போயி, தங்கவேல் அண்ணன்கிட்ட நடந்ததைச் சொன்னேன். தேனிக்காரனைக் கூப்பிட்டுக்கோங்கண்ணேன்னும் நானே சொல்லிட்டேன். அண்ணன் குனிஞ்சு கான்கிரீட்டுத் தரையைத் தட்டிப் பார்த்தாக. இன்னும் டைல்ஸ் ஒட்டலை, ஐப்பசியில அடுத்த பரீட்சை வருதுல்ல, அதுவரைக்கும் பொறுக்கிறேன், அதோட சரின்னாக. கிளம்பப் போனவனை நிறுத்தி ஒரு சந்தேகம் கேட்டாக.

"பல்பு எரிஞ்சும் பெயிலுன்னா, எரியாதவனை என்னப்பா செய்வாக?"

இலவம் பஞ்சு

அதுக்கப்புறம் செல்வி என் சட்டை ஒவ்வொண்ணுலயும் வலது கை போயி நிக்கிற இடத்துல டெஸ்டருக்குன்னே ஒரு பை தச்சா. விரலு வயருக்குப் போறதுக்கு முன்னாடி டெஸ்டரு கையில தட்டும். அது வேலை செஞ்சுச்சு. அடுத்து ஷாக் அடிச்ச ஆளைக் காப்பாத்துற பயிற்சி. நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் கோத்து வச்சு, முழங்கையை மடக்காம, வேகமா அமுக்கணும். பொம்மைக்கு நான் எங்க போறது? போடியில வாங்குன இலவம் பஞ்சுத் தலகாணிக்குச் சட்டையை மாட்டிப் படுக்கப் போட்டேன். முதல்ல ஆள்கிட்ட பேச்சுக் கொடுத்துப் பார்க்கணும்னு புத்தகத்துல இருக்கு. ஐயா, ஐயான்னு தலகாணியோட தோளைத் தட்டிக் கூப்பிடுறேன், ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு அக்கா வாசல்லயே திரும்பிப் போயிட்டாக.

முப்பது தடவை அமுக்கணும். எனக்குக் கை பலம் ஜாஸ்தி, கல்லுச்சுவத்துல காடி வெட்டுன கை. இருபத்தி ரெண்டாவது அமுக்குல தலகாணி தையல் பட்டுன்னு விட்டுப் போயி, பஞ்சு பூரா பறந்து வீடு மேகம் மூடுன மேகமலை மாதிரி ஆகிப் போச்சு. தையல் மிஷின், சாமி படம், கொதிக்கிற குழம்பு எல்லாத்துலயும் பஞ்சு. செல்வி தலையில பஞ்சோட வந்து நின்னா.

"அமுக்குங்கன்னுதான போட்டிருக்கு, ஆளோட குடலை வெளிய எடுங்கன்னா போட்டிருக்கு?"

கீழ இறங்குங்க மேடம்

ஐப்பசியில ரெண்டாவது தடவை. இந்தத் தடவை பரிசோதகர் ஒரு மேடம். கண்ணாடி, காட்டன் சேலை, வாயைத் தொறந்து ஒரு வார்த்தை அதிகமாப் பேச மாட்டாக. போன தடவை வாங்குன சூட்டுல நான் ரொம்பத் தெளிவா இருந்தேன். டெஸ்டரை எரியுற பிளக்குல வச்சு, டெஸ்டர் நல்லா இருக்குன்னு பார்த்தேன். மெயினை அமத்திட்டு மறுபடி பார்த்தேன். அட்டையைத் தொங்கவிட்டேன். பியூஸைப் பையில போட்டேன். அட்டையை யாராச்சும் எடுத்து உள்ள வைப்பாகளோன்னு ரெண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கிட்டேன். மத்தவுகள்லாம் பைப்பு வெட்ட ஆரம்பிச்சிட்டாக, நான் இன்னும் வயரையே தொடலை. மேடம் கைக்கெடிகாரத்தைப் பார்த்தாக.

சரி ஆரம்பிப்போம்னு கீழ பார்த்தா, போர்டுக்கு முன்னாடி, ஷாக் அடிக்காம நின்னு வேலை பார்க்குறதுக்குப் போட்ட ரப்பர் மேட்டு ஒண்ணுதான் கிடக்கு, அதுல மேடம் நிக்கிறாக. நான் சிமெண்டுத் தரையில நிக்கிறேன். என்ன செய்யிறது? பரிசோதகரை நகரச் சொன்னா மார்க்கு போயிருமோ? தரையில நின்னாலும் மார்க்கு போகும். வேர்த்து ஊத்துது. கிணத்துப் படி ஞாபகம் வந்துச்சு. வர்றது வரட்டும்னு, மேடம், கோவிச்சுக்கிடாதீக, மேட்டுல நான்தான் நிக்கணும், கீழ இறங்குங்கன்னு சொல்லிட்டேன். மேடம் குனிஞ்சு தன் காலைப் பார்த்தாக. இறங்குனாக. கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டாக. கடைசியில என் காகிதத்துல கையெழுத்துப் போடும்போதுதான் லேசாச் சிரிச்சாக.

"எத்தனையோ வருசமாப் பரீட்சை நடத்துறேன், என்னையக் கீழ இறங்கச் சொன்ன முதல் ஆளு நீங்கதான்."

ரெண்டடிக் குழாய்

பாஸ்! லைசென்ஸ் வந்துச்சு. அதை லேமினேட் பண்ணக் கூட மனசு வராம நாலு நாள் சட்டைப் பையிலயே வச்சுத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். மண்டபத்துல வேலை முடிஞ்சு போச்சு. இருநூறு விளக்கு, அறுபது பேன், அடுப்படியில பெரிய கிரைண்டர். அண்ணன் பத்திரிகை அடிச்சு ஊருக்கெல்லாம் கொடுத்துட்டாக. மறுநாள் காலையில கரண்டு ஆபீஸ்ல ரிப்போர்ட் கொடுக்கணும். மண்டபத்துல மேசை துடைச்சு, பேனா எடுத்து வச்சு, எனக்காகக் காபி கூட வாங்கி வச்சிருந்தாக. கையெழுத்துக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒரு தடவை பார்த்துக்கிறேன்னு, கட்டட வேலைக்கு வாங்கியிருந்த தற்காலிகக் கரண்டைக் கொடுத்து, டெஸ்ட் லேம்ப்போட ஒரு சுத்து வந்தேன். எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு, எர்த்தைத் தவிர. லைனுக்கும் எர்த்துக்கும் நடுவுல வச்சா பளிச்னு எரிய வேண்டிய பல்பு, உசுரே இல்லாம மினுக்குச்சு.

பின்பக்கம் எர்த் குழிகிட்ட போனேன். கரண்டு கசிஞ்சா அதை மண்ணுக்குள்ள கொண்டுபோற குழாய் அதுதான், எட்டடி ஆழத்துக்கு இறங்கியிருக்கணும். நான் பரீட்சைக்குப் போயிருந்த அன்னிக்கு, மேஸ்திரியைக் குழி தோண்டிக் குழாயைப் புதைக்கச் சொல்லிட்டுப் போயிருந்தேன். வந்து பார்த்தப்ப மேல சிமெண்டுத் தொட்டியெல்லாம் அழகாக் கட்டியிருந்துச்சு, நானும் நம்பிட்டேன், என் தப்பும்தான். குழாயைப் பிடிச்சு லேசா ஆட்டுனேன் பாருங்க, கிழங்கு மாதிரி கையோட வந்துருச்சு. ரெண்டடிதான்! கீழ பாறை தட்டியிருக்கு, மேஸ்திரி மீதியை அறுத்துப் போட்டுட்டாரு. குழாயைக் கையில பிடிச்சுக்கிட்டு மேசைக்கு வந்தேன். ஒரே மூச்சுல சொல்லிட்டேன்: வேற இடத்துல குழி தோண்டி எட்டடி இறக்குற வரைக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேண்ணே.

அண்ணன் முகம் செவந்து போச்சு. ஊர்ல எந்த மண்டபத்துல எர்த் பார்த்தாக, வெளிய தெரியுற அளவுக்குக் குழாய் இருந்தாப் பத்தாதா, கல்யாணம் நின்னா உன் தலையிலயா கட்டுறதுன்னு கேட்டாக. நல்லா ஏசுனாக. போனை எடுத்துத் தேனிக்காரன் நம்பரைத் தேட ஆரம்பிச்சாக. ஒரு வருசம் அலைஞ்சது, கசப்பு தின்னது எல்லாம் இந்த ஒரு காகிதத்துக்குத்தான். ஒரு கோடு கிழிச்சா முடிஞ்சது. ஆனா ஈரக் கையோட கிரைண்டரைத் தொடப் போற சமையல்காரம்மா யாருன்னு எனக்குத் தெரியாது, அதுதான் என்னையப் போட விடலை. அண்ணே, பிள்ளை கல்யாணத்துல சாவு விழுந்தா என் கையெழுத்தை அழிக்க முடியாதுண்ணேன்னு சொல்லிட்டு, பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு வாசலுக்கு நடந்தேன். வெளி கேட்டை நெருங்குறப்ப, அண்ணன் மேஸ்திரியைக் கெட்ட வார்த்தையில கூப்பிடுற சத்தம் கேட்டுச்சு. குழி தோண்டுற வண்டிக்கு ஆள் அனுப்புறதும் கேட்டுச்சு. திரும்பிப் பார்த்தா, அண்ணன் நெத்தி வேர்வையைத் துண்டால துடைச்சுக்கிட்டு, ஆறிப்போன காபியை என் பக்கம் தள்ளி வைக்கிறாக.

"வந்து குடிச்சுத் தொலை. கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்றதுக்கு எதுக்குப்பா லைசென்ஸ், அது இல்லாமலே சொல்லியிருக்கலாமே?"

லைசென்ஸ் இல்லாத இருபது வருசமும் என்கிட்ட யாரும் கையெழுத்தே கேட்டதில்லைங்கிறதால, மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லவே நான் ரெண்டு தடவை பரீட்சை எழுத வேண்டியதாப் போச்சு மக்களே.